தனப்பிரியாவின் தகடுகள்

தயிர்சாதம் மதியம்வரை புளிக்காமல் இருக்க, பாலைத்தான் தாராளமாக ஊற்ற வேண்டும். தயிர் பேருக்கு இருந்தால் போதும். இது தெரியாத கணவன்மார்கள் நிறைய இருக்கிறார்கள், சார். எனக்குத் தெரியும். என் மனைவி தனப்பிரியாவுக்கு நான்தான் தினமும் சாப்பாடு கட்டி, திருச்செங்கோட்டில் என் லாரி உதிரிபாகக் கடையைப் பூட்டிவிட்டு, சங்ககிரி ரோட்டில் இருக்கும் உங்கள் பெயிண்ட் கம்பெனிக்குக் கொண்டுவந்தேன்.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரராட்டம் எனக்கும் ஒருத்தரப் பாத்துச் சொல்லுங்க," என்பாள் லேபில் உதவிக்கு இருந்த தீபிகா.

"இது கடைசிப் பீஸு சாமி. நான் எடுத்துட்டேன்," என்பாள் பிரியா.

கேட்டு எனக்கே கூச்சமாக இருக்கும்.

அவள் செய்தது பெரிய காரியம்தான். விமானத்துக்கு அடிக்கும் பெயிண்டில் தின்னருக்குப் பதிலாகத் தண்ணீர். அடிக்கிற ஆட்களின் நெஞ்சு கெடாது, காற்றும் கெடாது. உலகத்துக் காற்றைக் காப்பாற்றிவிட்டு அவள் வீடு திரும்பும்போது மணி எட்டாகிவிடும். ஆறிப்போன சாப்பாட்டை நான் சூடுகூடச் செய்ய மாட்டேன். சுற்றுச்சூழலுக்கு என் பங்கு.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே சொன்னாள். "எல்லாம் கூடி வந்துருச்சுங்க. ஆனா இந்தத் தண்ணி பெயிண்டுக்கு சிலிக்கான்னா ஆகவே ஆகாது. அடிச்சுப் பாக்கற தகட்டுல ஒரு பொட்டு இருந்தாப் போதும், பெயிண்டு ஒட்டாம விலகி, மீன் கண்ணாட்டம் குழி உழுந்துரும்."

சோதனையில் தேறினால் பெங்களூரில் புதுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி என்றும் சொன்னாள். "நீங்களும் வந்துருங்க. கடைய அங்கயே வெச்சுக்கலாம்."

போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்கள் முன்னேறுவதைத் தடுக்கிற ஆள் நானில்லை. ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. அதை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாரி டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் பாலிஷ் என் கடையில் உண்டு. அதில் இருப்பது சிலிக்கான்தான். காலையில் சுத்தம் செய்த அலுமினியத் தகடுகளை லேபில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். சாப்பிட்ட பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். பெண்கள் இருவரும் கை கழுவப் போவார்கள். நான் கர்ச்சீப்பால் தகடுகளை லேசாகத் துடைத்துவிடுவேன். துடைப்பதும் வீட்டு வேலை மாதிரிதானே.

குழி விழுந்தது. பிரியா கலவையை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். காற்றடிக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டாள். கடைசியில் தீபிகா தலைக்குத் தேய்க்கும் கிரீம் மீது சந்தேகம் வந்தது, அதிலும் சிலிக்கான் இருக்குமாம். "சாமி சத்தியமா நான் ஒண்ணும் தேய்க்கலீங்க்கா," என்று அந்தப் பெண் அழுதாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்கள். அன்றைக்கு அவளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது நான்தான். மனசு கேட்கவில்லை.

தீபிகா போன பிறகும் குழி விழுந்தது. அப்போதுதான் பிரியா தன் கைகளைச் சந்தேகப்பட்டாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். கைகளைத் தின்னரில் கழுவினாள். எந்தத் தின்னரை ஒழிக்கப் பாடுபட்டாளோ அதே தின்னரில். தோல் வெடித்து ரத்தம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நான்தான் மருந்து பூசிவிடுவேன்.

"எங்கையிலதான் என்னமோ கோளாறுங்க."

"உடு கண்ணு. எல்லாருக்கும் எல்லாமும் அமையுமா?"

போன மாதம் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நீங்களும் பழைய பெயிண்டுக்கே போய்விட்டீர்கள். இப்போது வீட்டில் நல்ல அமைதி. சப்பாத்திக்கு மாவு பிசையக்கூட யோசிக்கிறாள், தன் கை பட்டால் கெட்டுவிடுமாம். அதையும் நானே பிசைகிறேன்.

தன்னை நிறுத்தியது அநியாயம் என்று தீபிகா புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் லேபின் பழைய கேமரா பதிவுகளைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆமாங்க, கர்ச்சீப்போடு நிற்பது நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். அவளுடைய பெயிண்ட் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது என்பதை மட்டும் பிரியாவிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் மனசு நோவதை என்னால் பார்க்க முடியாது.