கைக்ளட்ச் வச்ச ஹார்ட்லி

எங்க உம்மாவுக்குத்தான் சார் அநியாயம் நடந்துருக்கு. ஆசியான்னு பேரு. இன்னிக்கி நீங்க ஜட்ஜா உக்காரப்போற பழைய கார் ஷோவுலருந்து அவங்க வண்டிய நீக்கிட்டாங்க. ஏன்னா, வண்டி ஒரிஜினல் இல்லையாம். சிரிக்காதீங்க. ஏர்போர்ட்ல பூங்கொத்தக் குடுத்ததுமே சொல்லிரலாம்னுதான் நெனச்சேன், போட்டோ எடுக்க ஆளுங்க நின்னாங்க. இப்பத்தான் டாக்ஸியில தனியா சிக்கிருக்கீங்க. டிரைவர் பையா, தீரே தீரே, மெதுவாவே போங்க, ஹோட்டலுக்கு ஒண்ணும் அவசரமில்ல.

என்ன வண்டியா? ஹார்ட்லி. ரெண்டு சீட்டு, மேல துணிக்கூரை, செவப்பு. பாத்தீங்களா, பேரக் கேட்டதும் நிமிந்து உக்காந்துட்டீங்க! மெயின்லேண்டுலயே விரல் விட்டு எண்ணிரலாமாமே? உம்மாவோட வாப்பா மெட்ராஸ்ல வாங்கிக் கப்பல்ல ஏத்தி இந்தத் தீவுக்குக் கொண்டாந்தது. உம்மாவுக்கு சின்ன வயசுலயே இடது கால்ல போலியோ. க்ளட்ச் மிதிக்க வராது. அதனால ஃபீனிக்ஸ் பேயில ஒரு வொர்க்‌ஷாப் வச்சிருந்த கண்ணையாங்குறவரு பெடலக் கழட்டிட்டு, கியர் கம்பியிலயே ஒரு லீவர் வச்சுக் குடுத்தாரு. சைக்கிள் பிரேக் புடிக்கிற மாதிரி கையால புடிச்சா க்ளட்ச் அழுந்தும். அவ்வளவுதான் மாத்தம். என்னைய ஸ்கூல்ல விட்டது, கடைக்குச் சரக்கு எடுத்தது, கொட்டுற மழையில சிப்பிகாட் வரைக்கும் போயி காய்கறி ஏத்துனது, எல்லாம் அந்த லீவரப் புடிச்சுத்தான்.

இல்ல சார், கோவப்படல. என் குரலே அப்படி.

எங்க பழைய கார் க்ளப்போட வாட்ஸ்அப் குரூப்புல போன மாசம் நடந்த கூத்தக் கேளுங்க. அந்த ஹார்ட்லிய வெள்ளக்காரன் இப்பப் புதுசா பேட்டரி வண்டியாப் பண்ணி விட்டுருக்கான்ல? எங்க ஆளுங்களுக்குச் சோறு எறங்கல. இங்க ஒருத்தரும் நேர்ல பாத்ததில்ல, பாக்கவும் போறதில்ல. ஆனா அடிதடி. தேவேந்திரன் அங்கிள், முன்னாடி பக்கம் நசுங்குன சோப்பு டப்பா மாதிரி இருக்கு, வட்ட லைட்டப் புடுங்கிட்டுப் பட்டை லைட்டு வச்சவன் கை வெளங்குமான்னாரு. அருண்பிரசாத் உடனே, பெருசு, உங்களுக்குக் கார் வேணாம், மியூசியம்தான் வேணும்னான். சத்தம் இல்லாத ஸ்போர்ட்ஸ் காரு உப்பில்லாத மீன்கொழம்புன்னாரு கோகுல். நானும் விடல. மொத மொத வட்ட லைட்டு வந்தப்பவும் கார்பைடு விளக்கு வச்சிருந்தவன் இப்படித்தான் அழுதுருப்பான்னு போட்டேன். உடனே யாரோ குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்பிவிட்டாரு.

கடைசியா க்ளப் பிரசிடெண்ட் சாப் வந்தாரு. நீட்டமா எழுதுனாரு. வண்டின்னா காலத்தோட மாறணும், ஓட்டுறவங்க வசதிதான் முக்கியம், உள்ள இருக்குற ஆத்மா மாறலன்னா போதும்னு. க்ளட்ச்சே இல்லாத வண்டி சார் அது! கியரும் இல்ல, இஞ்சினும் இல்ல. அதுக்கு ஆத்மா மட்டும் இருக்காம். அதே வாரம், அதே மனுஷன், உம்மா வண்டிக்கு எழுதுறாரு: பெடலக் கழட்டிக் கை லீவர் வச்சது பாரம்பரியத்துக்குச் செஞ்ச துரோகம், இது வண்டியே இல்ல, வெறும் ஜுகாட்னு. மத்லப் என்னன்னா, வெள்ளக்காரன் மாத்துனா டிசைன். கண்ணையா மாத்துனா ஒட்டுவேலை.

ரூல்னு சொல்லாதீங்க சார். அந்த ரூல வச்சு எங்க ஊருல ஒரு வண்டியக்கூட உள்ள விட முடியாது. இந்த உப்புக்காத்துல எந்தத் தகரம் நிக்கும்? கதவு அரிச்சுப் போச்சுன்னா, மெயின்லேண்டுலருந்து கப்பல்ல பார்ட்ஸ் வர்றதுக்குள்ள மிச்சமும் உதுந்துரும். எல்லாரும் ஜங்கிளிகாட்டுல டிங்கிப் படகுக்கு ஃபைபர் ஒட்டுறவங்ககிட்டத்தான் கொண்டு போறாங்க. மேல பெயிண்ட அடிச்சா தெரியாது. இன்னிக்கி வரிசையில நிக்குற கதவு ஒவ்வொண்ணையும் விரலால தட்டிப் பாருங்க. டங்குன்னு கேக்காது, டொப்புன்னு கேக்கும். பாதி காரு, பாதி படகு. பிரசிடெண்டோட ஜீப்புக்குத் தரை இருக்கே, அது முழுசாப் படகுதான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எப்படியா? அது இருக்கட்டும்.

சமாதானமும் பேசுனாரு. லீவரக் கழட்டிட்டுப் பெடல மாட்டிரலாமாம். உம்மா பக்கத்து சீட்டுல உக்காந்து அழகா கையாட்டலாமாம். ஓட்டுறதுக்கு வேற ஆள் இருக்காம். அரே, அங்கதான் சார் விஷயமே. அந்த வேற ஆளுக்கு அந்த ஸ்டியரிங்கப் புடிக்கணும்னு கல்யாணமான நாள்லருந்து ஆசை. லீவர் புடிச்சு ஓட்ட வரல. ஒரு தடவ ஓட்டுறேன்னு லம்பா லைன் ரோட்டுல சாக்கடைக்குள்ள எறக்கிட்டாரு. அதுக்கப்புறம் உம்மா சாவியக் குடுத்ததே இல்ல. பெடல் வந்துட்டா சாவி தன் கைக்கு வந்துரும்னு கணக்கு.

ஆங், யாரா? பிரசிடெண்ட்தான். எங்க வாப்பா.

ஏன் சார் முழிக்கிறீங்க? உங்கள வரவேற்க என்னைய அனுப்புனதே அவருதான். வீட்டுல இருந்தா வாயாடிக்கிட்டே இருக்கேனாம், வெளிய ஒரு வேலைக்காவது ஆகட்டுமாம்.

உம்மா குரூப்புல ஒரு வார்த்த எழுதல. நான்தான் கொதிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க பாட்டுக்குக் காலையில வண்டியத் தொடச்சாங்க. ஷோவுல இடம் இல்லன்னா பரவாயில்ல, கிரவுண்டு கேட்டுக்கு வெளிய ரோட்டுல நிறுத்துறேன், வர்ற ஜட்ஜுக்குக் கண்ணு இருந்தா பாக்கட்டும்னு கிளம்பிட்டாங்க. அந்தக் கண்ணு உங்களோடதுதான். கடைசி நேரத்துல ஒரு வண்டியச் சேக்க ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டுன்னு உங்க நோட்டீஸ்லயே போட்டுருக்கு. பாப்பீங்களா? தலையாட்டுனா பத்தாது, வாயத் தொறந்து சொல்லுங்க. அது போதும்.

உம்மா கிளம்புனப்ப வாப்பா என்ன சொன்னாரா? அதச் சொல்லாம உங்கள எறக்கி விடுவேனா. அவரு ஜீப்பு அந்த நேரம் பாத்து ஸ்டார்ட் ஆகல. மனுஷன் கோட்டு, டை, நெஞ்சுல பிரசிடெண்ட் பேட்ஜு. நேரா வந்து ஹார்ட்லி கதவுல கைய வச்சுக்கிட்டு, ஆசியா, போற வழிதானே, என்னையும் கிரவுண்டுல எறக்கி விட்டுருன்றாரு. கூச்சமே இல்லாம. உம்மா லீவரப் புடிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டாங்க. அவரு மூஞ்சிய நல்லாப் பாத்தாங்க. அந்தக் கட்டுப்பல்லக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வாங்க, ஒரிஜினலா வந்தீங்கன்னா ஏத்திக்கிறேன்னாங்க.