என்டர் மட்டும்தான் பாக்கி

எனக்குத் தேநீர் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறவன் சொல்கிறேன். மைலோதான் குடிப்பேன். அன்றைக்கும் மைலோதான்.

ஒன்பதாம் நம்பர் மலையில் மண்ணின் ஈரம் அளக்கும் கருவிகள் புதைத்திருக்கிறோம். அவை அனுப்பும் விவரத்தைக் கிளவுடில் சேர்த்து, சரிவு ஆபத்தானால் கொழுந்து பறிப்பவர்களின் ஃபோனை அலறவைக்கும் திட்டத்தை எழுதியவன் நான். ஐம்பது வயதில், யூடியூப் பார்த்துப் படித்து. மேனேஜர் குகனேஸ்வரன் அதன் முகப்பில் தன் படத்தைப் போட்டுக்கொண்டார். கைகட்டி மலையைப் பார்க்கிறார், மலையைப் பெற்றவர் மாதிரி.

கூடவே ஒரு சட்டம். ஃபோன் அலறாமல் மழைக்குப் பயந்து இறங்கினால் அன்றைய பேர் வெட்டு. வேலைக்கே வராத கணக்கு.

புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். கருவிமேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஃபோனை அலறவைத்துக் காட்ட குகனேஸ்வரன் ஏற்பாடு செய்திருந்தார்.

"இது நம்ம பழைய கிராணி சின்னையா. கம்ப்யூட்டர்னா பயம்லா. சின்னையா, இவங்களுக்கு டீ போட்டு எடுத்துட்டு வா."

சிரித்தார்கள். டீ கொடுத்தேன். பிறகு என் மேசைக்குப் போய், அலற வேண்டிய அளவை எந்த மழையும் எட்டாத உயரத்துக்கு மாற்றினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டிச் சரிபார்த்தேன். பிழை இல்லை என்றது. வழக்கமாகச் சோதனை இடத்துக்குத்தான் முதலில் அனுப்புவேன். அன்றைக்கு நேராக, மலையில் ஓடிக்கொண்டிருக்கும் நிஜத் திட்டத்துக்கே அனுப்பி டெப்ளாய் செய்தேன். பதினோரு விநாடி.

வாளி காலியானது. ஃபோன் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாளியும் ஊற்றினார். சப்பாத்தெல்லாம் சேறு. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"என்னன்னு பாரு, உடனே சரி பண்ணு," என்றார் என் காதில்.

"பாக்குறேன் துரை."

பழைய அளவைத் திருப்பி எழுதினேன். அனுப்பும் கட்டளையையும் தட்டிவைத்தேன். என்டரை அழுத்தவில்லை. அழுத்தினால், தானே சரிசெய்ததாகச் சொல்லிக்கொள்வார். சாயங்காலம்வரை வியர்க்கட்டும் என்று கியா பார்மில் ஜைனப் கடைக்கு மைலோ குடிக்கப் போனேன்.

மழை பிடித்தது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வடிவம்மாள் ஃபோனில் கூப்பிட்டாள்.

"கிராணியாரே, காவாயில சேத்துத்தண்ணி வருது. ஃபோனு ஊமையாட்டம் இருக்குலா. சும்மா இறங்கினா பேர வெட்டிருவாரு. என்னா செய்ய?"

"ஃபோன் அடிச்சா இறங்குங்க," என்றேன்.

சட்டம் அதுதானே. நானா போட்டேன்?

மலை சரிந்தது. நாலு பேர். வடிவம்மாளை இரண்டாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். கட்டளை திரையில் அப்படியே நிற்கிறது, ஓர் எழுத்துப் பிழை கிடையாது. என்டர் மட்டும்தான் பாக்கி. அதை குகனேஸ்வரனே அழுத்தியிருக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர்தானே.