‘எங்க’வும் ‘நம்ம’வும்

ஒரு வார்த்தை சார்! ஒரே ஒரு வார்த்தைய மாத்தினதுக்கு, கட்டின பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்க. ...ம்? உங்க நம்பர் பிளேட்டுதானே, கை எழுதிட்டேதான் இருக்கு. உக்காருங்க.

அவ மலைக்காரி சார். வெளிநாட்டுக் கம்பெனி மலைய வெட்ட வருதுன்னு அவங்க சனம் பூரா ரோட்டை மறிச்சு உக்காந்திருக்கு. பேனர் எழுதணும்னு மச்சான் வந்தான். வீட்டு மாப்பிள்ளை பெயிண்டராச்சே, ஓசி! என்ன எழுதணுமாம்? ‘இது எங்க மலை’.

எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க மலைன்னா, அப்ப நான் யாரு? நீங்க யாரு? எல்லாம் ஒரே நாடுதானே? அதுவுமில்லாம, ‘எங்க மலை’ன்னா மலையக் காணோம்னு தேடுற மாதிரி இல்ல? ‘இது நம்ம மலை’ன்னு போட்டு, பக்கத்துல தேசியக்கொடியும் வரைஞ்சு, சுருட்டிக் குடுத்துட்டேன். பெயிண்டு வெளிநாட்டுதுதான்... இப்ப எது சார் உள்ளூரு? கொடியே கப்பல்ல வருது! உங்க பனியன்ல நாட்டு மேப் போட்டிருக்கே, காலரத் திருப்பிப் பாருங்க, எந்த ஊர்ல தச்சதுன்னு.

அவசரத்துல அவங்களும் படிக்காமலே கட்டிட்டாங்க. கம்பெனித் தொரை கார்ல வந்து எறங்கி, என் பேனருக்குக் கீழயே நின்னு, பல்லெல்லாம் தெரிய போட்டோ புடிச்சுக்கிட்டான். மறுநாளே அந்த போட்டோவப் போட்டு ஊரெல்லாம் கம்பெனி போஸ்டரு. ‘நம்ம மலை, நாம சேர்ந்து வளர்வோம்’! எழுத்து என்னுது சார். அந்த ‘லை’க்கு நான் போடுற சுழி... அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

வீட்டுக்காரி பாயைச் சுருட்டிக்கிட்டு, மலையில அவங்க சனத்தோட மறியல்ல உக்காரப் போயிட்டா. நேத்து நானே சோறாக்கி, அடிப்புடிச்சதை வழிச்சுப் போட்டுட்டு, நல்லதைத் தூக்குல எடுத்துட்டுப் போனேன். ‘வா, நாம சாப்பிடலாம்’ங்கறேன். மூஞ்சியக்கூடப் பாக்கல. ‘நாங்க சாப்பிட்டாச்சு’ங்கறா.

நாங்க! கல்யாணமானதுலேருந்து எனக்கு ‘நாம’தான் சார். ஒரே சொல்லுல வெளிய நிறுத்திட்டா. சோத்துக்கே எனக்கு இப்படி வலிக்குதே, மலைக்கு அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஏன் சார் எந்திரிக்கிறீங்க? பிளேட்டுல என்ன... ஐயையோ! ‘இது எங்க மலை’ன்னா எழுதி வச்சிருக்கேன்? நில்லுங்க, தொடச்சிர்றேன்! சார்! ...போயிட்டாரு.

அட, ‘எங்க’ நல்லாத்தான் விழுந்திருக்கு. கடையச் சாத்திட்டு இதையே எடுத்துட்டுப் போறேன். பாத்துட்டாவது ‘நாம’ங்கறாளான்னு பாப்போம்.