பரமலிங்கத்தின்ரை இடதுகால்

இல்லைப் பிள்ளை, வரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. மாலை போட வேறை ஒருத்தரும் கிடைக்கேல்லையோ எண்டுதான் கேட்டனான். ஆரும் பெரியாக்களைப் பிடிச்சிருக்கலாமே. என்ன? கொப்பர்தானோ சொன்னவர்? நமசிவாயம் போட்டால்தான் மாலை, இல்லாட்டில் விழாவே வேண்டாமாமோ? பாத்தியே, அதுதான் உன்ரை கொப்பர். எனக்கு இல்லையெண்டு சொல்லவும் வழியில்லாமல் பண்ணிப்போடுவார்.

அந்தக் கதிரை ஆடும், இதிலை இரு. பராசக்தி, ஆர் வந்திருக்கிறது பார், பரமலிங்கத்தின்ரை மூத்த மேள், ஞானாம்பிகை. சந்தைக்குப் பக்கத்திலை சங்கக்கடையிலை வேலை செய்யிறாளெல்லே, அவள். தேத்தண்ணி போடு.

இருவத்தஞ்சு வரியம் ஊர்க் கிளப்புக்கு உழைச்சவருக்குப் பாராட்டு விழா. நல்லது, செய்யத்தான் வேணும். எனக்கு ஆர் செய்தது, சொல்லு பாப்பம்? கொழும்பிலை ஒன்பது வரியம் சம்பளத்துக்குப் பந்தடிச்சவன் நான். இந்தக் குடாநாட்டிலை அப்பிடி எத்தினை பேர்? கப்பல் கொம்பனி. பதிவிலை கிளாக்கர், ஆனால் பேனையைத் தொட்ட ஞாபகம் எனக்கில்லை. காலமை ஓட்டம், பின்னேரம் பந்து. சப்பாத்து, காலுறை, கால் பிசகினால் டொக்டர், எல்லாம் கொம்பனி. இண்டைக்கு அச்சுவேலிச் சந்தியிலை சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடேக்கை, உவர் ஒரு காலத்திலை ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்? கொப்பரோ, இந்தக் குடாநாட்டைத் தாண்டி அறியாதவர். அவர் சைக்கிளிலை போனால் ரோட்டாலை போறவன் இறங்கி நிக்கிறான்.

சிரிக்கிறாய். கொப்பரும் உப்பிடித்தான், வாயைத் திறக்காமல் சிரிப்பார்.

உண்மையைச் சொல்லட்டே? எனக்குக் கொப்பரிலை எரிச்சல். சும்மா இல்லை, பத்து வயசிலை பிடிச்சது. எங்கடை ஐயாவுக்குக் கொஞ்சம் வசதி, என்னை உடுப்பிட்டிக்கு இங்கிலிஸ் படிக்க விட்டவர். அங்கை ஒரு மாஸ்ரர் பந்துக்குக் காலை எப்பிடி வைக்கிறது, உடம்பை எப்பிடிச் சரிக்கிறது எண்டு எல்லாம் படிப்பிச்சார். நான் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினன். அவன் ஐஞ்சாம் வகுப்போடை வள்ளத்திலை ஏறினவன். பழைய கதை கதைக்கேக்கை கொப்பரை அவன் எண்டுதான் வாயிலை வரும், குறை நினையாதை. விடியவிடிய வலை இழுத்து, மீனை வித்துப்போட்டு, உள்ளங்கால் உப்பிலை வெடிச்சபடி வெறுங்காலோடை வந்து நிப்பான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. இடதுகாலாலை ஒண்டு விடுவான் பார், கோலிக்காரன் பந்தைப் பாக்கமாட்டான், வலையைத்தான் திரும்பிப் பாப்பான்.

ஓம், ஐம்பத்தாறிலைதான் நான் கொழும்புக்குப் போனது. முற்றவெளி மைதானத்திலை மச் பாத்த கொம்பனித் துரை ஒருத்தர் என்னைக் கூப்பிட்டவர். அது பெரிய கதை, விடு. அங்கை எட்டாயிரம் சனத்துக்கு முன்னாலை கோல் அடிச்சிருக்கிறன். அடிச்சுப்போட்டுத் திரும்பி நடக்கேக்கை மனசுக்குள்ளை என்ன ஓடும் தெரியுமே? பரமலிங்கமெண்டால் இதைப் பந்தை நிப்பாட்டாமலே அடிச்சிருப்பான். அம்மா கடிதம் போடுவா, அதிலை அரைவாசி அவன்ரை புதினம். பரமலிங்கம் வந்து கூரை வேய்ஞ்சு தந்தவன், பரமலிங்கம் கயல் மீன் கொண்டு வந்து தந்தவன். பெத்த தாயின்ரை கடிதத்திலையும் எனக்கு இடமில்லை.

ஐம்பத்தெட்டிலை தமிழாக்களுக்கு அடிச்ச கலவரம் வந்துதெல்லே. உடுத்த உடுப்போடை கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்து காங்கேசன்துறையிலை இறக்கினாங்கள். இறங்கி நிமிந்தால் ஆர் நிக்கிறது? அவன். மூண்டு நாளா வாற ஒவ்வொரு கப்பலையும் பாத்துக்கொண்டு நிண்டவனாம். கையிலை எனக்கு மாத்திக் கட்ட ஒரு சாரம், பனையோலைப் பெட்டியிலை பிட்டு. என்னைக் கட்டிப்பிடிச்சுக் குழறிப்போட்டுக் கேக்கிறான், கால் ரெண்டும் சுகமோடா எண்டு. அந்த இடத்திலையும் எனக்கு எரிஞ்சது, பிள்ளை. ஏனெண்டால் அவன் வாறதெண்டால் நான் மூண்டு நாள் நிண்டிருக்கமாட்டன். ஒரு நாளும் நிண்டிருக்கமாட்டன். அது எனக்குத் தெரியும்.

பிட்டைத் திண்டனான்தான். பசி.

நிலைமை சரிவர திரும்பிப் போனன். அறுவத்தஞ்சிலை முழங்கால் கழண்டுது. அதுக்குப் பிறகு அந்த அணிக்கே என்னை மனேஜராப் போட்டாங்கள், ஒரு கேடயமும் வெண்டு குடுத்தன். பேந்து புது நிருவாகம் வந்து, பந்தடிக்கிறவனுக்கு என்னத்துக்குச் சம்பளம் எண்டுது. அறுவத்தொன்பதிலை பெட்டியோடை இஞ்சை. வந்து பாத்தால் கொப்பரும் ஊர்க் கிளப்புக்கு மனேஜர்! எனக்குப் பொறுக்குமே? நான் இஞ்சை அச்சுவேலிக் கிளப்பைப் பொறுப்பெடுத்தன். கரும்பலகை வைச்சு, சோக்கட்டியாலை கீறிக் கீறிப் படிப்பிச்சன். காலமை ஐஞ்சு மணிக்கு ஓட விட்டன். நாலு தரம் இறுதியாட்டத்திலை கொப்பற்றை ஆக்களைச் சந்திச்சம். நாலு தரமும் தோல்வி.

அதிலை எழுபத்துநாலாம் ஆண்டு மச்சைச் சொல்லவேணும். நான் கோட்டுக்கு வெளியிலை நிண்டு தொண்டை கிழியக் கத்துறன். கொப்பர் பூவரசுக்குக் கீழை இருந்து வெத்திலை போடுறார். இடைவேளையிலை தன்ரை ஆக்களுக்கு ஏதோ ரெண்டு சொல்லு சொன்னார், அவ்வளவுதான். ரெண்டுக்கு ஒண்டிலை வெண்டாங்கள். முடிய என்னட்டை வந்து, நமசு, உன்ரை அந்த இடப்பக்கத்துப் பெடியன் நொண்டினவன், நீ கவனிக்கேல்லைப் போலை, எண்டார். எனக்குத் தெரியும், மாத்தினால் வேறை ஆள் இல்லை, அதாலை விட்டனான் எண்டன். அதுதான் அந்தப் பக்கத்தாலை போகவேண்டாம் எண்டு எங்கடையளுக்குச் சொன்னனான், அவன்ரை கால் பழுதாப் போடும் எண்டார். விளங்குதே? திறந்து கிடக்கிற பக்கத்தை விட்டுப்போட்டு, மற்றப் பக்கத்தாலை வந்து என்னை வெண்டவர். ஒரு கிழமை நான் ஆரோடையும் கதைக்கேல்லை. கேட்டுப் பார், இவள் சொல்லுவாள்.

என்னது, நோட்டீசோ? அச்சடிக்க முதல் நான் ஒருக்காப் பாக்கவேணுமாமோ, பிழை இருந்தால் திருத்த? கொண்டா. பராசக்தி, அந்தக் கண்ணாடியை எடு.

திரு. பரமலிங்கம் அவர்களின் சேவை நயப்பு விழா. சரி. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில் முற்றவெளியில் கொழும்பு அணிக்கு எதிராக இரண்டு கோல்கள். சரி, ரெண்டுதான். நான்கு முறை வெற்றிக்கிண்ணம். உதை இவ்வளவு பெரிய எழுத்திலை போடத் தேவையில்லை. இதென்ன கீழை? இந்த இடதுகாலைப்போல ஒரு கால் கொழும்பிலும் இல்லை, கொழும்புத் துரை சொன்னது.

இதை ஆர் தந்தது?

கொப்பரோ? வீட்டிலை சொல்லுறவரோ? எத்தினை தரம்? கடலிலை ஒண்டும் படாமல் வந்த நாளிலும் சொல்லுவாரோ? உன்ரை கொம்மாவைப் பொம்பிளை பாக்கப் போனவிடத்திலையும் சொன்னவராமோ?

இல்லை, ஒண்டுமில்லை. தேத்தண்ணியைக் குடி.

பிள்ளை, உது துரை சொன்னதில்லை.

பொறு, சொல்லுறன். மச் முடிஞ்சு வெளியிலை நிக்கிறம், நானும் கொப்பரும். துரை நேரை எங்களட்டைத்தான் வந்தவர். கொப்பருக்கு இங்கிலிஸ் தெரியாதெண்டு என்னைப் பாத்துக் கதைச்சார். இந்தப் பெடியனை நான் எடுக்கிறன், வேலையும் தாறன், இருக்க அறையும் தாறன், வாற கிழமை ரெயின் ஏறச் சொல்லு எண்டார். இந்தப் பெடியனை எண்டு கொப்பற்றை தோளிலை கையை வைச்சவர். கொப்பர் என்ரை கையைச் சுரண்டுறான், என்னடா சொல்லுறார், என்னடா சொல்லுறார் எண்டு. முழங்காலெல்லாம் புழுதி.

நான் துரைக்குச் சொன்னன், இவன் வரமாட்டான் சேர், தாய்க்கு ஒரே பிள்ளை, கடலை விட்டு வரவே மாட்டான் எண்டு. நல்ல இங்கிலிஸிலை சொன்னன். துரை கொஞ்சம் யோசிச்சார். பேந்து என்னை மேலும் கீழும் பாத்துப்போட்டு, அப்ப நீ வாறியோ எண்டார். கறி இல்லாட்டில் சம்பல் எண்டமாதிரி.

அவன் இன்னும் கேட்டுக்கொண்டு நிக்கிறான். ஏதாவது சொல்லவேணுமெல்லே. அப்ப சொன்னதுதான் உது. கொப்பர் துரையின்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணிலை ஒத்தினான். துரைக்கு ஒண்டும் விளங்கேல்லை.

என்னைப் பாக்காமல் இருக்கிறாய். சரி, பாக்காதை. ஆனால் இதையும் கேள். துரை நல்லாய் அடிச்சாய் எண்டு சொன்னவர் எண்டிருந்தாலே காணும், அதோடை முடிஞ்சிருக்கும். கொழும்பை நான் அப்ப கண்ணாலையும் காணேல்லை. எண்டாலும் உதுதான் வாயிலை வந்தது. ரெண்டாவது கோல் வலைக்குள்ளை போகேக்கை என்ரை நெஞ்சுக்குள்ளை வந்த சொல்லு அது. பேந்து ஒன்பது வரியம் அங்கை விளையாடி, எத்தினையோ பேற்றை காலைப் பாத்துத்தான் தெரிஞ்சுகொண்டன், நான் சொன்னது பொய்யில்லை எண்டு.

என்ன, அந்த வரியை வெட்டுறதோ? வெட்டாதை. வசனத்திலை ஒரு பிழையும் இல்லை. கொப்பர் கேட்டால் நீ ஒண்டும் சொல்லாதை, விழாவுக்கு முதல் நானே வந்து சொல்லுறன். கொழும்புத் துரை எண்ட ரெண்டு சொல்லை மட்டும் வெட்டிப்போட்டு என்ரை பேரைப் போடு. பேனை வைச்சிருக்கிறியே? தா, நானே எழுதிறன்.