ஜெபம் மட்டும் வேணாம் சார்

ஐயோ குத்துது, குத்துது! அண்ணே, அது துணி இல்லண்ணே, என் முழங்கால்! சரி சரி, ஆடல. நீங்க வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கிட்டு இருக்கீங்க, பேச முடியாது. அதனால நான் பேசறேன். யாராச்சும் பேசணும்ல? இல்லாட்டி நான் திரும்ப ஆடிடுவேன்.

இந்த அங்கியை நீங்களா தைச்சீங்க? நல்லா இருக்கு. அதாண்ணே பிரச்சினையே! கேவலமா இருந்தா அதைச் சாக்கு சொல்லித் தப்பிச்சிருப்பேன். கண்ணாடியில பாத்தா அப்படியே எங்க பாஸ்டர். தொப்பைதான் கொஞ்சம் கம்மி... ஐயய்யோ, இன்னொரு தலையணையை எடுக்காதீங்க, சும்மா சொன்னேன்!

எல்லாம் அந்த சென்ட் சாரால வந்தது. இந்தப் போட்டியை நடத்துறாரே, அவர்தான். வாசனை முதல்ல வரும், ஆள் பின்னாடி வருவார். "தம்ப்பீ... டேலன்ட்டு மட்டும் போதாது தம்ப்பீ! டச்சிங் வேணும், டச்சிங்!"... என்ன திரும்பிப் பாக்கறீங்க? அவர் இல்லண்ணே, நான்தான்! ஹா! நீங்களே ஏமாந்துட்டீங்க. ஊசியை முழுங்கிடாதீங்க.

பலகுரல் போட்டி, கடைசிச் சுத்து. ஜெயிச்சா டிவி சிரிப்பு நிகழ்ச்சியில வாராவாரம் எனக்கு இடம். அது எனக்கு எவ்ளோ வேணும் தெரியுமா? என்னை வகுப்புக்கு வெளிய நிக்க வச்ச அத்தனை வாத்தியாரும் டிவி முன்னாடி உக்காந்து சிரிக்கணும். முக்கியமா கணக்கு சார். மூக்காலதான் பேசுவார். "டேங்ங்... வெளிய போங்ங்டா..."

முதல்ல நல்லாத்தாண்ணே போச்சு. குக்கர் விசில், பஸ் கண்டக்டர், எங்க அக்கா போன்ல குசுகுசுன்னு பேசறது, எல்லாம் வச்சிருந்தேன். "பாஸ்டரைப் பண்ணத் தெரியுமா?"ன்னார் சென்ட் சார். தெரியுமாவா! பாஸ்டர் முன்னாடியே பண்ணியிருக்கேனே! அவர் அறிவிப்பு சொல்ற அழகைக் கேளுங்க. "செருப்புகளை... வரிசையாக... விடவும். போன வாரம் என் செருப்பை அணிந்து சென்ற சகோதரர்... மனந்திரும்பவும்." அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அதோட நிறுத்தியிருக்கலாம்ல? வாய் சும்மா இருந்துச்சா? "வியாதிக்காரங்களுக்கு அவர் ஜெபம் பண்றது இன்னும் நல்லா வரும் சார்"னு நானே எடுத்து விட்டேன். ஆமாண்ணே, நானேதான். யாரும் கேக்கல! ஒத்திகையில பண்ணேன். லைட்டுக்காரர் ஏணியில இருந்து விழப் பாத்தார், அவ்ளோ சிரிப்பு. சென்ட் சார் துள்ளிக் குதிக்கறார். "இதான் கடைசி ஐட்டம்! ஒருத்தன் கக்கத்துல கட்டையை ஊனிட்டு நொண்டி வருவான், நீ ஜெபம் பண்ணுவ, அவன் கட்டையை வீசிட்டு டான்ஸ் ஆடுவான்!" எனக்கும் சிரிப்புதான்.

மறுநாள் பல் தேய்க்கறப்போதான் உறைச்சுது, அந்தக் குரலை எங்க கத்துக்கிட்டேன்னு.

என் குடல்வால் வெடிச்சப்போண்ணே. ஆஸ்பத்திரிக் கட்டில்ல சுருண்டு கிடக்கறேன். அம்மா சுவரைப் பாத்துட்டு நிக்கறாங்க. பாஸ்டர் வந்து என் கால் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டார். கையெல்லாம் ஊசி குத்தி வச்சிருந்தாங்க, பிடிக்க வேற இடம் இல்ல. "தகப்பனே, இந்தப் பிள்ளையை..."ன்னார். அங்க குரல் உடைஞ்சு போச்சு. மேல வரல. என் புத்தியைப் பாருங்க, அந்த வலியிலயும், ஆகா இந்த உடைசல் எப்படி வருதுன்னு கவனிக்கறேன்! ஆனா அவர் விட்ட இடத்துல இருந்து மிச்சத்தை நான்தாண்ணே சொன்னேன். மனசுக்குள்ள. யார் குரல்லயும் இல்ல. ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருந்தார். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியும், அவ்ளோதான்.

அந்த உடைசலுக்குத்தான் லைட்டுக்காரர் அப்படிச் சிரிச்சார்.

செருப்பு பாஸ்டரோடது, கிண்டல் பண்ணலாம். இந்த ஜெபம் பாஸ்டருக்கே சொந்தமில்லையேண்ணே!

மாட்டேன்னு சொல்றதுக்கென்னன்னுதானே பாக்கறீங்க? சொன்னேனே! "ஜெபம் மட்டும் வேணாம் சார், நான் விசுவாசி சார்"னேன். கை தட்டறார்! "யார் குரல்டா இது? அப்பாவி மாதிரியே இருக்கு, இதையும் சேத்துக்கோ!" இல்ல சார், இது நான் சார்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறார். எப்பப் பாத்தாலும் அடுத்தவங்க குரல்லயே பேசிட்டுத் திரிஞ்சா இதாண்ணே கதி. கோபமா கத்தலாம்னு வாயைத் திறந்தா கணக்கு சாரோட மூக்கு வந்து நிக்குது!

பிசாசுன்னா கொம்போட வரும்னு நினைச்சிருந்தேன். அது சென்ட் போட்டுக்கிட்டு வந்து தோள்ல கையைப் போட்டு, "சும்மா சிரிப்புதானே தம்ப்பீ, கடவுளுக்குச் சிரிக்கத் தெரியாதா?"ங்குது. கேக்க நியாயமா வேற இருக்கு! தெரியுமே, தெரியாமலா என்னைப் படைச்சார்? இப்பதான் கொஞ்ச நாள் முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தேன். தொட்டித் தண்ணிக்குள்ள நின்னு, பிசாசை விட்டுட்டேன்னு சபை முன்னாடி சொன்னேன். ரொம்ப சுலபமா இருந்துச்சு. அப்போ டிவியில இடம் தர்றேன்னு அவன் சொல்லவே இல்லையே!

பாஸ்டர் முன்வரிசையில உக்காந்திருக்கார். சபை வேன் நிறைய ஆளுங்களை ஏத்திட்டு வந்திருக்கார். செருப்பு வரும்னு காத்துட்டு இருக்கார் மனுஷன். ஜெபத்தைப் பண்ணா திட்ட மாட்டாருண்ணே. எனக்காக ஒரு சிரிப்பு சிரிச்சு வைப்பார். அதை நினைச்சாத்தான்...

மேடையில பாட்டு முடியுதா? அடுத்து நான்தான். அண்ணே, கழட்டுங்க. அங்கியைக் கழட்டுங்கண்ணே. உங்களைத் திட்டுவாரா? விடுங்க, நானே கழட்டறேன், நீங்க பாக்கலன்னு... இல்ல, பொய் வேணாம், பாத்துக்கிட்டே நில்லுங்க. இந்தாங்க தலையணை. வாசனை வருது. வந்துட்டார்.

சார், அந்த ஜெபத்தை நான் பண்ண மாட்டேன். செருப்பு பண்றேன், குக்கர் பண்றேன். அது மாட்டேன்.

...

அண்ணே! சிரிக்கல! பாத்தீங்களா, சிரிக்கவே இல்ல! நம்பிட்டார்! "குக்கரை உங்க வீட்டு அடுப்புலயே வச்சுக்கோ, வெளிய போடா"ன்னு எப்படிக் கத்தினார் பாத்தீங்கல்ல! அப்போ நான் பேசினா நான் பேசற மாதிரியே இருக்கு!

ஐயோ... போச்சு. நிஜமாவே போச்சுண்ணே. டிவி, வாத்தியாருங்க, எல்லாம். இருங்க, கண்ணுல பவுடர் விழுந்துருச்சு. பவுடர்தாண்ணே. அப்படியே வச்சுக்குவோம்.

எனக்குப் பதிலா யார் மேடைக்குப் போறான் தெரியுமா? குயில். பக்கத்து வகுப்புப் பையன், ரெண்டு குயில் சண்டை போட்டு சமாதானம் ஆகற வரைக்கும் தனியாளா கூவுவான். நல்லாவே கூவுவான், பாவி. இனி அவன்தான் ஜெயிப்பான். நான் போய் பாஸ்டர் பக்கத்து நாற்காலியில இருக்கற பையை எடுக்கச் சொல்லி உக்காந்து, அவனுக்குக் கைதட்டணும். அதுவும் மனசார! சென்ட் சார்கிட்ட மாட்டேன்னு சொல்லிடலாம்ணே, இது இருக்கே...

ஆண்டவரே, அவனுக்கு இன்னிக்கு மட்டும் தொண்டை கட்டட்டும்... இல்ல இல்ல இல்ல! வாபஸ் ஆண்டவரே, வாபஸ்!