பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம்

பட்டாபிராமில் மின்சார ரயிலில் ஏறிய அம்மாவும் மகளும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். மகளின் கழுத்தில் இன்ஜினியரிங் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. ஆவடி தாண்டியதும் அவள் வெடித்தாள்.

"நான் பிளஸ் ஒன் படிக்கவே இல்லம்மா!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாடி ஒளர்ற? ரெண்டு வருஷம் அந்த ஸ்கூலுக்குத்தான போன?"

"போனேன். ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையேதான் நடத்துனாங்க. மார்க் வரும்னு நீயும் தலையாட்டுன."

"மார்க் வந்துச்சில்ல? அப்புறம் காலேஜ்ல எப்டி கணக்குல பெயிலான?"

"கால்குலஸ் போட ட்ரிக்னாமெட்ரி தெரியணும். சைன் ஸ்கொயரை மாத்தி எழுதத் தெரியாம இன்டக்ரேஷன் பாதியிலயே நிக்குது. ஸ்கூல்ல கணக்கை விடையோட மனப்பாடம் பண்ண வெச்சாங்க, எழுதிட்டு வந்துட்டேன்."

"எவ்ளோடி தெரியணும்? மொத்தமுமா?"

"இல்ல. ஒரு பக்கம் ஃபார்முலா. ஒரே ஒரு பக்கம்! அது பிளஸ் ஒன் புக்குல இருக்கு."

"அப்ப எடுத்துப் படிக்க வேண்டியதுதான? எங்கிட்ட ஏன் கத்துற?"

"எங்க இருக்கு புக்கு? எம் பொண்ணு கசங்காம வெச்சிருக்கா பாருன்னு பெருமையா எதுத்த ஊட்டுப் பொண்ணுக்கு நீதான குடுத்த!"

திருமுல்லைவாயிலில் ரயில் நின்றது. அம்மா, "சாயங்காலம் போய் திருப்பிக் கேக்குறேன்" என்றாள்.

"கேளு. அவளும் அதே ஸ்கூல்தான். புக்கு இன்னும் புதுசாத்தான் இருக்கும்."