‘அங்காயி’ என்று ஏன் சொன்னார்கள்

தும்... தும்... என்று பாறை வெடிக்கிற சத்தம். அது நின்ற பிறகு ஒரு பெண்குரல், நீளமாக, “ஆச்சூ...” என்று.

நம் பாட்டன்மார் பிறக்குமுன், கரடிப்பாறை என்று ஒரு ஊராம். அந்த ஊரில் அங்காயி, அங்காயி என்று ஒருத்தி இருந்தாளாம். கல் குவாரியில் எண்ணுகிற வேலை அவளுக்கு. குழிகளில் மருந்து கெட்டித்துத் திரி கொளுத்தியதும் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெடியை எண்ணுவாள். எத்தனை குழியோ அத்தனை வெடி கேட்டபின் ‘ஆச்சு’ என்பாள். அதற்குமுன் யாரும் பாறையில் கால் வைக்கக் கூடாது.

அவளுக்கு ஒரே தம்பி, குழந்தான். கல் சுமந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கங்காணி சிங்கமுத்து வயிற்றில் உதைத்தானாம். குழந்தான் சம்மட்டிக் காம்பால் அவன் முன்பல்லைப் பெயர்த்துவிட்டு, பாறைக்கு அப்பாலிருந்த குகையில் போய்ப் பதுங்கினான்.

மறுநாள் உச்சிவேளை. ஏழு குழி, ஏழு திரி. வெடித்துக்கொண்டிருக்கும்போதே கங்காணி அரிவாளோடு வந்தான். அங்காயியின் கூந்தலைப் பிடித்துத் தரையில் மோதினான்.

“எங்கடி உன் தம்பி?”

வாய் திறக்கவில்லை. அரிவாள் பிடியால் வாயிலேயே குத்தினான். மூன்று பல் விழுந்ததாம். அடி விழ விழ வெடியை எண்ணிக்கொண்டே இருந்தாள் என்பார்கள்.

குகைப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. கங்காணி பார்த்துவிட்டான். குகைக்குப் போகிற வழி பாறைமேல்தான்.

“உன் ஆச்சு எவனுக்கு வேணும்? நானே எண்ணிட்டேன். ஏழு” என்று சிரித்தானாம்.

அவன் எண்ணியதில் ஒன்று எதிர்மலை திருப்பிச் சொன்னது. காற்று மாறுகிற நாளில் எதிரொலியும் வெடிபோலவே முழங்கும். அதைப் பிரித்தறியும் காது அவள் ஒருத்திக்குத்தான். அவள் எண்ணியது ஆறு. சொன்னால் கங்காணி நிற்பான். நின்று, மிச்சமும் வெடித்தபின் போய்த் தம்பியை வெட்டுவான்.

சொல்லவில்லை.

அவன் பாறை நடுவே போனபோது ஏழாவது வெடித்தது. ஒரு கை மட்டும் அரிவாளோடு அவள் காலடியில் வந்து விழுந்ததாம். அங்காயி ரத்தத்தைத் துப்பிவிட்டு, “ஆச்சு” என்றாளாம்.

ஒரு குழி பாக்கி என்று தெரியுமா, தெரியுமா என்று போலீஸ்காரர்கள் பதினோரு நாள் அடித்தார்கள். பன்னிரண்டாம் நாள் செத்துப்போனாள். ஒரு வார்த்தை வரவில்லை.

அதிலிருந்து, உயிரே போனாலும் வாய்விடாத ஆளை அந்தப் பக்கத்தில் ‘அங்காயி’ என்றார்கள். “அவன்கிட்ட சொல்லு, அவன் அங்காயி” என்பார்கள். பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள், பதில் தெரியாமல் விழிக்கிறவனை, “உட்காருடா அங்காயி” என்று கேலி செய்தார்கள். இப்போது அப்படியும் யாரும் சொல்வதில்லை.

குழந்தான் கண்டிச்சீமைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தான். பத்து வருஷத்தில் அங்கே கங்காணி ஆனான்.